காலில் கோர்ட்டு பட்டை... ஊரில் கம்பம் நட்டாச்சு! திருவிழாவுக்குப் போக அனுமதி கிடைக்குமா?

பீளமேடு:

மாலை போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போகலாம். கையில் காப்புக் கட்டிக்கொண்டும் போகலாம். கோர்ட்டு மாட்டிவிட்ட மின்னணுப் பட்டையைக் காலில் கட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஜாமீனில் இருக்கும் ஆசாமிக்கும், ஜெயிலில் இருந்து லீவில் வரும் கைதிக்கும், அவர்கள் குடும்பத்துக்கும் இது வேடிக்கை இல்லை. அவர்களால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இன்னும் வேடிக்கை இல்லை.

அவினாசி ரோட்டில் பஸ்சுக்கு நிற்கும் நேரத்தில் யோசித்துப் பாருங்கள். மாரியம்மன் நோன்பி சாட்டியாகிவிட்டது. கம்பம் நட்டாகிவிட்டது. மில் ஷிப்டு முடிந்து வந்தவர்கள் எல்லாம் கோவில் வாசலில். ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடிதடி வழக்கில் ஜாமீனில் வந்தவர். "ராத்திரி வெளியே வரக்கூடாது" என்று நிபந்தனை. தப்பட்டைச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. காலில் இருக்கும் பட்டை விடமாட்டேன் என்கிறது.

இது இன்று கோவையில் நடந்த சம்பவம் அல்ல. ஆனால் நாளைக்கு நடக்கக்கூடியது. பட்டை இந்தியாவுக்குள் வந்துவிட்டது. திருவிழா வருஷா வருஷம் வருகிறது. இரண்டும் ஒரே தெருவில் சந்தித்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் இன்னும் எழுதி வைத்த பதில் இல்லை.

பட்டை என்ன செய்யும்?

கணுக்காலில் கைக்கடிகாரம் மாதிரி மாட்டிப் பூட்டிவிடுவார்கள். உள்ளே ஜி.பி.எஸ். கருவி. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்து, மாட்டியவர் நிற்கும் இடத்தைக் கணக்குப் போடும். செல்போன் நெட்வொர்க் வழியாக அதைக் கண்காணிப்பு அறைக்கு அனுப்பும். அறுத்தாலோ, கழற்றப் பார்த்தாலோ அங்கே மணி அடிக்கும். போகக்கூடாத எல்லைக்குள் கால் வைத்தாலும் அடிக்கும். தினமும் சார்ஜ் போட வேண்டும்.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஓர் அமெரிக்க நீதிபதி. பெயர் ஜாக் லவ். நியூமெக்சிகோ மாநிலம் ஆல்புகர்கி நகரத்துக்காரர். ஸ்பைடர்மேன் படக்கதையில் வில்லன் கதாநாயகன் கையில் ஒரு கருவியை மாட்டி, அவன் போகும் இடமெல்லாம் பின்தொடர்வதைப் படித்தாராம். "நம்ம குற்றவாளிகளுக்கும் இப்படி ஒன்று இருந்தால்?" என்று தோன்றியது. கருவி தயாரானதும் முதலில் தானே மாட்டிப் பார்த்தார். 1983-ல் குற்றவாளியின் காலில் மாட்டினார்.

அங்கே இருந்து இங்கிலாந்து போனது. சிங்கப்பூரில் 2000-ம் ஆண்டு முதல், தண்டனையின் கடைசிப் பகுதியைக் காலில் பட்டையோடு வீட்டில் கழிக்கும் திட்டம் நடக்கிறது.

இந்தியாவில் 2023 நவம்பரில்தான் கணக்குத் தொடங்கியது. ஜம்மு கோர்ட்டு ஒன்று, பயங்கரவாத வழக்கில் ஜாமீன் பெற்றவருக்குப் பட்டை மாட்டச் சொன்னது. நாட்டிலேயே இது முதல் முறை என்று காஷ்மீர் போலீசார் அறிவித்தார்கள்.

அதற்குச் சில மாதம் முன்பு, 2023 மே மாதத்தில், மத்திய உள்துறை ஒரு மாதிரி ஜெயில் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பி இருந்தது. 1894-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்துக்குப் பதிலாக எழுதப்பட்டது அது. அதில் 29-வது பிரிவு பட்டையைப் பற்றியது. "மாட்டிக்கொள்ளச் சம்மதித்தால் கைதிக்கு லீவு தரலாம். விதியை மீறினால் லீவு ரத்து. மறுபடி லீவு கேட்கவும் முடியாது" என்பது அதன் சாரம். ஜெயில் என்பது மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கும் விஷயம். மாநிலம் ஏற்றுச் சட்டம் போட்டால்தான் அந்த ஊரில் செல்லும்.

ஆக, லீவுக்கு விலை பட்டை என்று எழுதியாகிவிட்டது. லீவில் வந்தவர் எங்கே போகலாம் என்பதுதான் அடுத்த கேள்வி.

கல்யாணம் உண்டு, சாவு உண்டு... திருவிழா?

தமிழ்நாட்டில் கைதிகளுக்கு லீவு கொடுக்க 1982-ம் ஆண்டில் வந்த தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. பேச்சு வழக்கில் "பரோல்" என்கிறோமே, அதுதான்.

இதில் இரண்டு வகை. ஒன்று அவசர லீவு. தாய், தகப்பன், கணவன் அல்லது மனைவி, மக்கள், உடன்பிறந்தவர்கள்... இவர்களில் யாராவது இறந்தாலோ, உயிருக்குப் போராடினாலோ, கல்யாணம் என்றாலோ கேட்கலாம்.

மற்றொன்று சாதாரண லீவு. குறைந்தது மூன்று வருஷம் ஜெயிலில் இருந்திருக்க வேண்டும். குடும்பப் பிழைப்புக்கு வழி பண்ண, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம், காலேஜில் சேர்க்க, வீடு கட்ட அல்லது பழுது பார்க்க, மகன் மகள் கல்யாணத்தை நடத்த, பாகப்பிரிவினைத் தகராறு தீர்க்க, விதைப்பு அறுப்பு பார்க்க என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. போலீஸ் அறிக்கையும் நன்னடத்தை அலுவலர் அறிக்கையும் பார்த்து ஜெயில் டி.ஐ.ஜி. முடிவு செய்வார்.

எழுதியவர் கிராமத்தை அறிந்தவர் என்றே சொல்ல வேண்டும். விதைப்பும் அறுப்பும் கூட விட்டுப்போகவில்லை. ஆனால் அறுத்த நெல்லைப் பொங்கல் வைக்கும் நாள் அந்த வரிசையில் இல்லை! நோன்பி இல்லை. தேர் இல்லை. தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எதுவும் இல்லை.

"வருஷா வருஷம் வர்றதுதானுங்களே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பது இதற்குச் சொல்லும் நியாயம். சாவு ஒரே முறை. கல்யாணம் ஒரே முறை. திருவிழா அப்படி அல்ல என்பது உண்மைதான். ஆனால் பத்து வருஷம் உள்ளே இருப்பவனுக்கு எந்த அடுத்த வருஷம்?

தாய்மாமன் எங்கே போவார்?

உறவுப் பட்டியலிலும் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தாய், தகப்பன், பெண்டாட்டி, பிள்ளை, உடன்பிறப்பு என்ற அளவில் பட்டியல் நின்றுவிடுகிறது. அக்கா மகள் கல்யாணம் அதில் வராது.

நம்ம ஊர்ப் பக்கம் தாய்மாமன் சீர் இல்லாமல் எந்தச் சடங்கு நடக்கிறது? காது குத்து என்றால் தாய்மாமன் மடி. பெண் பெரியவள் ஆனால் தாய்மாமன் சீர். கல்யாணம் என்றால் முதல் மரியாதை தாய்மாமனுக்கு. ஊருக்கு அவர் முக்கிய விருந்தாளி. விதிப் புத்தகத்துக்கு அவர் மூன்றாம் மனுஷன்!

இதற்கு நாடறிந்த உதாரணம் உண்டு. ராஜீவ்காந்தி கொலை வழக்கில் ஆயுள் கைதியாக இருந்த பேரறிவாளனுக்கு 2019 நவம்பரில் ஒரு மாத லீவு கிடைத்தது. தகப்பனார் உடல்நிலையோடு, சகோதரி மகள் கல்யாணமும் அப்போது வந்தது. கிருஷ்ணகிரியில் நடந்த அந்தக் கல்யாணத்தில் தாய்மாமனாகக் கலந்துகொண்டார். 2022 மே 18-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

அதே வழக்கில் நளினி, மகள் கல்யாண ஏற்பாட்டுக்காக ஆறு மாத லீவு கேட்டார். 2019 ஜூலை 5-ந்தேதி சென்னை ஐகோர்ட்டில் தானே நேரில் வந்து வாதாடினார். கிடைத்தது ஒரு மாதம். அரசியல்வாதிகளைச் சந்திக்கக்கூடாது, பத்திரிகை, டி.வி.க்குப் பேட்டி தரக்கூடாது என்று நிபந்தனை. வேலூர் சத்துவாச்சாரியில் போலீஸ் காவலோடு தங்கினார். பிறகு மூன்று வாரம் நீட்டித்தார்கள். செப்டம்பர் 15-ந்தேதி மறுபடி ஜெயில். 2022 நவம்பரில் அவரும் விடுதலை ஆனார்.

இந்த இரண்டு பேருக்கும் காலில் பட்டை இல்லை. பட்டைக்குப் பதில் போலீஸ் காவல். "எஸ்கார்ட்" என்று ஜெயிலில் சொல்வது. மணமேடைக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை நின்றால் வந்த சனமெல்லாம் அட்சதை போடுவதை விட்டு அந்தப் பக்கம்தான் பார்க்கும். பட்டை என்றால் வேட்டிக்குள் மறைந்துவிடும். போலீசுக்கும் ஆள் மிச்சம். அந்த வகையில் பட்டை ஒரு சவுகரியம் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று. எஸ்கார்ட் போலீஸ்காரரிடம் "அண்ணா, இன்னும் பத்து நிமிஷம், தாலி கட்டட்டும்" என்று கெஞ்சலாம். பட்டையிடம் கெஞ்ச முடியாது!

கம்பம் ராத்திரி

பட்டை மாட்டுகிறவர்களுக்கு வெளிநாடுகளில் பெரும்பாலும் ஊரடங்கு மாதிரி நேரம் குறிக்கிறார்கள். இங்கிலாந்தில் வழக்கமாக ராத்திரி 7 மணி முதல் காலை 7 மணி வரை வீட்டில் இருக்க வேண்டும். பகலில் வேலைக்குப் போகலாம்.

இதை அப்படியே நம்ம ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? கொங்கு நாட்டு மாரியம்மன் நோன்பியில் பாதிக்கு மேல் ராத்திரிதான்! கம்பம் நட்டபின் இளவட்டங்கள் அதைச் சுற்றி ஆடுவது ராத்திரி. பூவோடு எடுப்பது ராத்திரி. சாமி வீதி உலா ராத்திரி. பண்ணாரியில் விடியற்காலை குண்டம் இறங்க முந்தின ராத்திரியே வரிசையில் நிற்க வேண்டும். காலை 7 மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு கிளம்பினால் சாம்பல்தான் மிச்சம்.

பட்டைக்காரர் கோவிலுக்குப் போகக்கூடாது என்று யாரும் சொல்லி இருக்கமாட்டார்கள். நேரத்தை மட்டும்தான் குறித்திருப்பார்கள். ஆனால் அந்த நேரத்துக்குள் திருவிழாவே போய்விடும்.

இன்னொரு விநோதம். காப்புக் கட்டியவர்கள் நோன்பி முடியும் வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்திரி தங்கக்கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். மஞ்சள் கயிறு ஆளை ஊருக்குள் பிடித்து வைக்கிறது. கோர்ட்டு பட்டை அதே ஊருக்குள் ஆளை வீட்டோடு பிடித்து வைக்கிறது. ஒருவருக்கே இரண்டும் இருந்தால் கையும் காலும் இரண்டு பக்கம் இழுக்கும்!

"எங்க கண்ணு முன்னால ஆடுவானா?"

இத்தனையும் ஒரு பக்கத்து நியாயம். எதிர்ப்பக்கம் ஒரு வீடு இருக்கிறது. அங்கே அடிபட்டவர் இருக்கிறார். அல்லது மாலை போட்ட போட்டோ இருக்கிறது.

"எம் பையன அடிச்சவன் எங்க கண்ணு முன்னாலயே கம்பத்தச் சுத்தி ஆடுவானுங்களா?" என்று அந்த வீட்டுப் பெரியம்மா கேட்டால் யார் பதில் சொல்வது? ஒரே ஊர், ஒரே கோவில், ஒரே கம்பம். அவர்களும் மாவிளக்குத் தட்டோடு வரத்தான் செய்வார்கள். குற்றவாளி வந்தால் அவர்கள் வீட்டுக்குள் முடங்க வேண்டியிருந்தால், அது யாருக்குத் தண்டனை?

அந்த வீட்டுக்கு நூறு மீட்டர் கிட்டே போகக்கூடாது என்று பட்டைக்கு எல்லை போடலாம். ஆனால் தேர்நாள் அன்று அந்த வீட்டார் வீட்டிலா இருப்பார்கள்? கருவிக்கு வீடு தெரியும். கூட்டத்தில் நடக்கும் ஆள் தெரியாது.

ஆகவே அனுமதி மனு வந்தால் போலீசிடம் மட்டும் அறிக்கை கேட்டால் போதாது. பாதிக்கப்பட்ட வீட்டாரையும் கேட்க வேண்டும். ஒருவர் காலையில், மற்றவர் மாலையில் என்று நேரம் பிரித்துக் கொடுத்தால் பாதித் தகராறு தீர்ந்துவிடும். ஊர்ப் பெரியவர்கள் பங்காளிச் சண்டையில் "நீங்க முன்னால பூஜை பண்ணிட்டுப் போயிருங்க, அவிய பொறகு வரட்டும்" என்று தீர்த்துவைப்பதை நாம் பார்த்ததில்லையா?

வாளால் வெட்டிய கேக்!

லீவு என்றாலே ஜனங்களுக்கு ஏன் சந்தேகம் வருகிறது? அதற்கும் காரணம் உண்டு.

டெல்லி ஜெசிகா லால் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற மனு சர்மா, 2009 செப்டம்பரில் லீவில் வந்தார். தாயாருக்கு உடல்நிலை சரியில்லை என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. நவம்பரில் அவரைப் பார்த்த இடம் டெல்லி நைட் கிளப்! பெரும் அமளி ஆனது. மறுபடி திகார் ஜெயிலுக்குத் திரும்பினார்.

2017-ல் பலாத்கார வழக்கில் 20 ஆண்டு தண்டனை பெற்ற அரியானா சாமியார் குர்மீத் ராம் ரகீம், 2023 ஜனவரியில் 40 நாள் லீவில் வந்தார். வந்ததும் நீண்ட வாளால் கேக் வெட்டிக் கொண்டாடிய படம் நாடெங்கும் பரவியது.

ஏழை கைதிக்குத் தாய் சாவுக்குப் போக எஸ்கார்ட் கிடைப்பது பெரும்பாடு. பெரிய இடத்துக் கைதிக்கு கேக் வெட்ட நாற்பது நாள். இதைப் பார்த்தவர்கள் "லீவே கூடாது" என்று சொல்வது கோபத்தில் வருவது. நியாயமாகக் கேட்க வேண்டியது வேறு: எல்லோருக்கும் ஒரே விதி எங்கே?

லீவு என்பது சலுகை மட்டும் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லி இருக்கிறது. 2017 செப்டம்பரில் ராஜஸ்தான் கைதி ஒருவர் வழக்கில், நன்னடத்தை உள்ள கைதி கொஞ்ச நாளாவது வெளிக்காற்றைச் சுவாசிக்க வேண்டும், குடும்பத்தோடும் ஊரோடும் உள்ள தொடர்பு அறுந்துவிடக்கூடாது என்ற கருத்தை நீதிபதிகள் தெரிவித்தார்கள். தண்டனை முடிந்து ஒருநாள் அவன் அதே தெருவுக்குத்தானே வரப்போகிறான்!

சர்க்காருக்கும் இது தெரியாதது அல்ல. 2008-ல் அண்ணா பிறந்தநாளை ஒட்டித் தமிழ்நாட்டில் 1,405 ஆயுள் கைதிகளை விடுதலை செய்தார்கள். விழாவுக்கும் கருணைக்கும் உள்ள உறவு கோட்டையில் இருப்பவர்களுக்குத் தெரியும். விதிப் புத்தகத்தில்தான் இடம் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் பட்டைக்காரர் கல்யாணத்துக்கோ இறுதிச் சடங்குக்கோ போக வேண்டுமானால் முன்கூட்டிக் கேட்க வேண்டும். நெருங்கிய உறவு என்றால் நேரம் தளர்த்துவார்கள். அங்கேயும் கல்யாணம், சாவு! நம்ம 1982 விதி மாதிரியேதான்.

அமெரிக்காவில் மிசவுரி மாநிலம் நேர் எதிர். அக்டோபர் 31-ந்தேதி ஹாலோவீன் பண்டிகை. பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். பாலியல் குற்றப் பட்டியலில் உள்ளவர்கள் அன்று மாலை 5 மணி முதல் 10.30 வரை வீட்டுக்குள் இருக்க வேண்டும், வாசலில் "இங்கே மிட்டாய் இல்லை" என்று போர்டு மாட்ட வேண்டும் என்று 2008-ல் சட்டம் போட்டார்கள். போர்டு மாட்டச் சொன்னது செல்லாது என்று 2024-ல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பிள்ளைகளைக் காப்பாற்றுவது வேறு, வாசலில் அவமானப் பலகை மாட்டுவது வேறு என்பது இதில் இருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம்.

மூன்றாவது வழியும் உண்டு. அதுதான் நம்ம ஊருக்குப் பொருந்தும் போலிருக்கிறது. வேல்சில் 2020 அக்டோபரிலும், இங்கிலாந்தில் 2021 மார்ச்சிலும் "குடிப் பட்டை" வந்தது. குடித்துவிட்டுக் குற்றம் செய்தவருக்கு 120 நாள் வரை குடிக்கத் தடை போட்டு, காலில் இதை மாட்டுவார்கள். அரை மணிக்கு ஒருமுறை வியர்வையைச் சோதித்துச் சாராயம் இருக்கிறதா என்று பார்க்கும். கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகலாம், ஆடலாம், பாடலாம். ஒரு கிளாஸ் உள்ளே போனால் மட்டும் மாட்டிக்கொள்வார்!

திருவிழாத் தகராறுகள் எங்கே ஆரம்பிக்கின்றன என்று எந்த போலீஸ் ஏட்டையாவைக் கேட்டாலும் டாஸ்மாக் இருக்கும் திசையைத்தான் காட்டுவார். ஆளைத் தடுக்காமல் பாட்டிலைத் தடுப்பது புத்திசாலித்தனம் அல்லவா?

ராதாரிச் சீட்டு ஞாபகம் இருக்கிறதா?

வெளியூர்த் திருவிழாவுக்குப் போக சர்க்கார் அனுமதி வாங்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. பழைய தலைமுறையைக் கேட்டால் கசப்போடு சொல்வார்கள்.

வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். ஜனங்கள் வைத்த பெயர் "ரேகைச் சட்டம்". மதுரைச் சீமை பிரமலைக் கள்ளர் உட்படப் பல சாதிகளை, பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்தார்கள். கைரேகை எடுத்தார்கள். ஆண்கள் ராத்திரி போலீஸ் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். புதுமாப்பிள்ளைக்கும் விலக்கு இல்லை என்று அந்த ஊர்களில் இன்றும் சொல்வார்கள். வெளியூர்ச் சந்தைக்கோ, திருவிழாவுக்கோ, கல்யாணத்துக்கோ போக "ராதாரிச் சீட்டு" என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். போன ஊரில் காட்ட வேண்டும்.

1920 ஏப்ரல் 3-ந்தேதி பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. 1952-ல் நாடு முழுவதும் ஒழிந்தது.

பட்டையும் அதுவும் ஒன்றல்ல. அது பிறப்பைப் பார்த்தது. இது வழக்கைப் பார்க்கிறது. கோர்ட்டு விசாரித்து மாட்டுவதற்கும், சாதியைப் பார்த்து மாட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. சீட்டு கொடுப்பது அதிகாரியின் மனசுப்படி என்று விட்டால் என்ன நடக்கும் என்பதை நம்ம ஜனங்கள் ஒருமுறை அனுபவித்துவிட்டார்கள்.

"எல்லாரையும் மாட்டிவிட்டால் என்ன?"

2022 கடைசியில் இந்திய ஜெயில்களில் 5,73,220 பேர் இருந்தார்கள். இருக்க வேண்டியவர்கள் 4,36,266. உள்ளே இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது தீர்ப்பே ஆகாதவர்கள். இவர்களில் பலரைப் பட்டையோடு வீட்டுக்கு அனுப்பினால் ஜெயிலும் காலியாகும், செலவும் குறையும் என்று 2023-ல் பாராளுமன்றக் குழு யோசனை சொன்னது. சட்டக் கமிஷனோ 2017-லேயே "மிகுந்த எச்சரிக்கை வேண்டும்" என்று சொல்லி இருந்தது.

சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கோடு போட்டிருக்கிறது. போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் பெற்ற நைஜீரியா நாட்டுக்காரர், கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைக் குறித்து விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று டெல்லி ஐகோர்ட்டு நிபந்தனை போட்டது. 2024 ஜூலை 8-ந்தேதி நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அதை ரத்து செய்தார்கள். ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் எட்டிப்பார்க்க வழி செய்யும் நிபந்தனை, அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்பது தீர்ப்பு.

ஆகவே தண்டனை பெற்றவர் சம்மதித்து மாட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று. தீர்ப்பு ஆகாதவர் காலில் மாட்டும் பட்டை வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போடக்கூடாது.

மேம்பாலத்துக்குக் கீழே...

கருவியிலும் கோளாறு உண்டு. ஜி.பி.எஸ். சிக்னல் வானத்தைப் பார்த்துத்தான் வரும். கான்கிரீட்டுக்குக் கீழே நின்றால் தடுமாறும். பீளமேட்டில் இருப்பவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி.நாயுடு மேம்பாலம் அவினாசி ரோட்டுத் தலைக்கு மேலேயே போகிறது. கீழே டீக்கடையில் நிற்பவரும், மேலே காரில் பறப்பவரும் மேப்பில் ஒரே கோட்டில்தான் தெரிவார்கள்.

திருவிழாக் கூட்டத்தில் செல்போன் லைன் கிடைக்காமல் அலைந்த அனுபவம் யாருக்கு இல்லை? கோனியம்மன் தேர் அன்று ராஜவீதியில் வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். பட்டையின் தகவலும் அதே நெட்வொர்க்கில்தான் போக வேண்டும். லைன் கிடைக்காமல் பட்டை மவுனமானால் "ஆள் தப்பிவிட்டான்" என்று மணி அடித்து, தேர் வடம் பிடித்தவனைப் போலீசார் அள்ளிக்கொண்டு போனால்? மானம் போனால் மறுபடி வருமா?

கேட்பது என்ன?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். விதிப் புத்தகத்தில் நாலு வரி போதும்.

ஒன்று: கல்யாணம், சாவோடு, ஊர்த் திருவிழாவையும் ஒரு காரணமாக எழுத வேண்டும். வருஷத்துக்கு ஒன்று போதும். அக்கா, தங்கை பிள்ளைகளின் சடங்குக்குத் தாய்மாமனையும் சேர்க்க வேண்டும். இப்போதும் விதிவிலக்கு கொடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் விலக்கு வாங்கக் கோட்டை வரை எத்தனை பேரால் போக முடியும்?

இரண்டு: எந்தக் கோவில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, குடிக்கக்கூடாது, யார் கூட இருப்பார் என்பதெல்லாம் அனுமதிச் சீட்டிலேயே எழுதி இருக்க வேண்டும். கருவி கெட்டால் எந்த நம்பருக்குப் பேசுவது என்பதும்தான்.

மூன்று: பாதிக்கப்பட்டவரின் வாயை முதலில் கேட்க வேண்டும்.

நான்கு: பதில் நேரத்தோடு வரவேண்டும். இதுதான் முக்கியம். நோன்பி சாட்டும் தேதி பஞ்சாங்கத்திலும் ஊர்க் கூட்டத்திலும் முன்கூட்டியே தெரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோர்ட்டுக்கும் லீவு. "கண்டிஷன் தளர்த்துங்க சாமி" என்று வக்கீல் போட்ட மனு கட்டில் தூங்கி, கம்பத்தை எடுத்து ஆற்றில் விட்டபிறகு "அனுமதிக்கப்படுகிறது" என்று உத்தரவு வந்தால் அதை வைத்து என்ன செய்வது? மறுத்தாலும் பரவாயில்லை, காரணத்தோடு முன்னாலேயே மறுக்கட்டும்.

ஆள் எங்கே நிற்கிறான் என்பதைப் பட்டை சொல்லிவிடும். அவன் அங்கே போகலாமா என்பதை மனிதர்கள்தான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த வேலையையும் கருவி தலையில் கட்டிவிட்டால், அடுத்த நோன்பியில் ஊருக்கும் நிம்மதி இருக்காது, அடிபட்ட வீட்டுக்கும் இருக்காது, அடித்தவன் வீட்டுக்கும் இருக்காது.